கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையும் பாதரசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் பேரிக்காயும் ஹோம்மேட் சாக்லேட்டும்தான் பலருக்கு நினைவு வரும். அங்கே செயின்ட் மேரிஸ் ரோட்டில் 2001 வரை ஒரு தெர்மாமீட்டர் ஆலை ஓடியது என்று சொன்னால், "அப்படியா, அங்கேயா?" என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கவர்ன்மென்ட் என்ன செய்துகொண்டிருந்தது? அதற்கும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில்.

முதலில், என்னதான் நடந்தது?

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதன் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. அப்போது அது பாண்ட்ஸ் கம்பெனி. உள்ளூரில் வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1987இல் தாய் நிறுவனமான சீஸ்ப்ரோ-பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. அந்த வழியாக ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. அதுதான் இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, முடிந்த தெர்மாமீட்டர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. உடைந்தது மட்டும் இங்கே தங்கியது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி சாக்குச் சாக்காகக் கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 7.4 டன் என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அதைப் பகிரங்கப்படுத்தின. அதே மாதம் ஆலை நின்றது. மறுபடி ஓடவே இல்லை. தன் சொந்த நடைமுறைக்கு மாறாகக் கழிவு விற்கப்பட்டுவிட்டது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஒரு தெர்மாமீட்டரில் எவ்வளவு பாதரசம் இருந்துவிடப் போகிறது?

ஒரு கிராம் அளவுக்குத்தான். ஆனால் ஆலையில் யாரும் ஒரு தெர்மாமீட்டரோடு வேலை செய்வதில்லை. கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஏற்ற வேண்டும், சூடு காட்ட வேண்டும், அளவு சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் உடையும், கொஞ்சம் சிந்தும்.

சிந்திய பாதரசம் தண்ணீர் மாதிரி ஓரிடத்தில் தேங்கி நிற்காது. பள்ளிக்கூட லேபில் ஒருமுறை நாங்கள் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு, அந்த வெள்ளி உருண்டையை உள்ளங்கையில் வைத்து மாற்றி மாற்றி உருட்டி விளையாடியது நினைவிருக்கிறது. விரலால் தொட்டால் இரண்டாகும், நாலாகும், மேசை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு வகுப்பறை மேசையிலேயே இப்படி என்றால், வருடக்கணக்கில் ஓடிய ஓர் ஆலையின் தரை விரிசல்களையும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் துணி மடிப்புகளையும் நினைத்துப் பாருங்கள்.

தொட்டால் விஷமா? விழுங்கினால்?

உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. தெர்மாமீட்டரைக் கடித்துவிட்ட குழந்தைக்குக் கண்ணாடித் துண்டுதான் முதல் கவலை. தோல் வழியாகவும் அதிகம் போகாது. ஆபத்து மூச்சில் இருக்கிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சில் போன ஆவியில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கை நடுக்கம், ஈறில் இரத்தம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் நாள்பட்ட பாதிப்பின் அடையாளங்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்றுகூடப் பாதரசத்துக்கு மட்டுமே உரியதல்ல. பின்னால் வரும் வழக்குக்கு இது முக்கியம்.

ஜப்பானில் மினமாட்டாவில் நடந்ததும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீனில் சேர்ந்து, மீன் சாப்பிட்டவர்களைத் தாக்கியது. கொடைக்கானலில் முதல் கேள்வி ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளர்களைப் பற்றியது.

ஆனால் அரசின் நடத்தையைப் பேசும்போது மினமாட்டாவை எடுக்காமல் இருக்க முடியாது. நோய் பதிவானது 1956 மே மாதம். ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு அதிகாரப்பூர்வமாகச் சொன்னது 1968இல். 1959 முடிவிலேயே தடுத்திருக்க வேண்டும், தடுக்காததற்கு மத்திய அரசும் குமாமோட்டோ மாகாண அரசும் பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2004 ஆனது. விஷத்தை விட்டவரோடு சேர்த்து, பார்த்துக்கொண்டு நின்றவரையும் கூண்டில் நிறுத்திய தீர்ப்பு அது. நம் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு என்பது என் எண்ணம்.

சரி, இங்கே கண்காணிக்க வேண்டியவர்கள் யார்?

ஒருவர் இல்லை, பலர். சிக்கலே அதுதான்.

தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின்படி இசைவாணை, அதாவது ஆலை ஓட அனுமதி, கொடுப்பதும் நிறுத்துவதும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். அந்த வாரியமே 1982இல்தான் அமைந்தது. ஆலையும் வாரியமும் ஏறக்குறைய ஒரே வயது. 1989இல் அபாயக் கழிவு விதிகள் வந்தன. பாதரசக் கழிவை எங்கே வைக்கிறாய், யாரிடம் கொடுக்கிறாய் என்று கணக்குக் கேட்கும் அதிகாரம் அப்போது கிடைத்தது.

ஆலைக் கதவுக்கு உள்ளே வேறொரு துறை. தொழிற்சாலைகள் சட்டம் 1948இன்படி அது தொழிற்சாலை ஆய்வாளர்களின் எல்லையாக இருந்தது. போபாலுக்குப் பிறகு, 1987இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, வேலையிடத்துக் காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று அட்டவணை போட்டார்கள். பாதரச ஆவிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். அதே சட்டத்தின் இன்னொரு அட்டவணையில் பாதரச நஞ்சேற்றம் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அதாவது ஒரு தொழிலாளிக்கு அது இருப்பதாக டாக்டருக்குத் தோன்றினால், அவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டியிருந்தது.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை என்ற மலைக்காடு. அது வனத்துறை. தெருவும் கடையும் நகராட்சி. காயலான் கடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது யார் வேலை? யோசித்துப் பாருங்கள், சட்டென்று பதில் வராது.

இத்தனை பேர் இருந்தும் எப்படித் தவறியது?

கெட்ட அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்தால் கதை எளிதாக முடியும். ஆனால் அமைப்பே அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு அலுவலகமும் தன் எல்லைக்குள் வரும் காகிதத்தைப் பார்க்கிறது. அந்தக் காகிதத்தைப் பெரும்பாலும் ஆலையே நிரப்பித் தருகிறது. காற்றை அளப்பதும் ஆலை, சிறுநீர்ப் பரிசோதனை எடுப்பதும் ஆலையின் மருத்துவர், கழிவு எவ்வளவு என்று எழுதுவதும் ஆலை. ஆய்வுக்கு வருபவர் கோப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். காற்று அளவு ஆய்வாளரிடம், கழிவுக் கணக்கு வாரியத்திடம், நோயாளியின் சீட்டு ஆஸ்பத்திரியில். மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, "வாங்கிய பாதரசம் இவ்வளவு, தெர்மாமீட்டரில் போனது இவ்வளவு, மீதி எங்கே?" என்று கழித்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. மளிகைக் கடைக்காரர் தினமும் ராத்திரி செய்கிற கணக்குத்தான் இது.

பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்பது முன்னாள் தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. கண்காணிப்பும் பாதுகாப்பும் முறையாக இருந்தன, யார் உடல்நிலையும் ஆலையால் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. இரண்டில் எது உண்மை என்று முடிவுசெய்ய, அந்த நாளில் அரசே தனியாக அளந்து வைத்த எண்கள் வேண்டும். அவை இல்லாததுதான் பிறகு எல்லா இடத்திலும் இடித்தது.

தொழிலாளர்களுக்கு நோய் வந்தது நிரூபிக்கப்பட்டதா?

ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி.

உடம்புக்குள் போன பாதரசத்தில் பாதி வெளியேறச் சுமார் 2 மாதம் ஆகும். ஆலை மூடி ஓராண்டு கழித்துச் சிறுநீரை எடுத்துப் பார்த்தால், பழைய பாதரசத்தின் சுவடே கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் அது இருந்தபோது நரம்பிலும் சிறுநீரகத்திலும் ஏதாவது செய்திருந்தால், அந்தக் கோளாறு அப்படியே இருக்கலாம். திருடன் போய்விட்டான், உடைந்த பூட்டு மட்டும் கிடக்கிறது என்கிற நிலைமை.

முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இப்போதைய நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய மருத்துவ ஆதாரம் இல்லை என்றது. பிறகு 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்கள் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கு ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஒரே ஆலை, ஒரே ஆட்கள், இரண்டு அதிகாரப்பூர்வக் கருத்து.

2015இல் சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் வீடியோ இணையத்தில் தீயாய்ப் பரவி, விஷயம் யூனிலீவரின் லண்டன் தலைமையகம் வரை போனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்றார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருளில்லை, தொகையும் வெளியிடப்படவில்லை. பதினைந்து வருடம் ஆயிற்று. ஆலையில் சேரும்போது இருபது வயசுப் பையனாக இருந்தவர்கள் அப்போது ஐம்பதை நெருங்கிவிட்டார்கள்.

கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. பாதரசம் ஒட்டிய கண்ணாடி, பாதி முடிந்த தெர்மாமீட்டர்கள், சேறு எல்லாம் அதில் இருந்தன. பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மறுசுழற்சி நிலையம் அவற்றை எடுத்துக்கொண்டது. ஏழை நாட்டுக்கு வந்த கழிவு பணக்கார நாட்டுக்குத் திரும்புவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. மண்ணோடு கலந்ததை மட்டும் கப்பலேற்ற முடியவில்லை.

20 மில்லிகிராம் சர்ச்சை என்றால் என்ன?

ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எவ்வளவு சுத்தம் என்பதில்தான் தகராறு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. இயற்கையான மண்ணில் பொதுவாக ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம்தான், நமக்கு மட்டும் ஏன் இருபது மடங்கு, யூனிலீவர் அங்கேயும் இருக்கிற கம்பெனிதானே என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். நெஞ்சில் தைக்கிற கேள்வி. ஆனால் இதை எடுத்துப் பேசுகிறவர்கள் ஒரு நுணுக்கத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டன் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி அளவு பாதரசத்தின் வடிவத்தைப் பொறுத்து மாறும். உலோகப் பாதரசத்துக்கு 1, மெத்தில் பாதரசத்துக்கு 11, உப்பாக மாறிய கனிமப் பாதரசத்துக்கு 170. மண்ணில் கிடப்பது எந்த வடிவம் என்று பிரித்துச் சொல்லாமல் ஒரே எண்ணைத் தூக்கிப் பிடித்தால், எதிர்த் தரப்பு அந்த ஓட்டை வழியாகத்தான் நழுவும்.

நிறுவனத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு: இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு குலையும், மழையில் மண் சோலைக்குள் இறங்கும் என்பது. அது பொய்யில்லை. ஆனால் அந்த இடம் சோலைக்காட்டின் விளிம்பில் இருக்கிறது. அங்கே வாழ்கிற மண்புழுவுக்கும் தவளைக்கும் மனிதக் குடியிருப்பு அளவைப் போட்டு முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

பாதரசம் ஆலைக்கு வெளியே போனதா?

போனது. ஆலை நிற்கும் சரிவு பாம்பார் சோலைப் பக்கம் இறங்குகிறது. மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். பாம்பாறு பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, கடைசியில் வைகைக்கு வருகிறது. வளாகத்திலிருந்து மண் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வண்டல் தடுப்புகள் கட்டப்பட்டன.

ஆச்சரியம் ஏரிதான். கொடைக்கானல் ஏரி அந்தச் சரிவின் வழியில் இல்லை. ஆலைத் தண்ணீர் அங்கே போகவே முடியாது. இருந்தும் 2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத் விஞ்ஞானிகள் சோதித்தபோது ஏரித் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் தெரிந்தது. ஆலையைச் சுற்றி மரப்பட்டையில் படர்ந்திருந்த லைக்கனையும் பாசியையும் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது. லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றிலிருந்துதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஆவி காற்றில் போய் ஊரெங்கும் இறங்கியிருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். புகைபோக்கியில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியதை மரத்தில் ஒட்டிய லைக்கன் எழுதி வைத்திருந்தது.

அப்படியானால் கொடைக்கானலுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். இரண்டு நாள் தங்கி ஏரியைச் சுற்றி சைக்கிள் விடுபவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் ஆலை மேல் சந்தேகமாக இருக்கிறது. எங்கே போவது?

முதலில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்றைக்கு நாற்றம் வந்தது, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம், யாருக்கு என்ன ஆனது. செல்போனில் எடுத்த படமும் உதவும்.

ஆலைக்கு வெளியே தண்ணீர், காற்று, கழிவு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். ஆலைக்கு உள்ளே வேலை செய்பவர் உடல்நிலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். எந்தத் துறை என்று தெரியாவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம், 1100க்கும் போன் செய்யலாம். மனு எண்ணை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். "ஆலை மாசுபடுத்துகிறதா?" என்று கேட்காதீர்கள், அப்படிப்பட்ட கேள்விக்கு "இல்லை" என்றோ "இது தகவல் அல்ல" என்றோ ஒரு வரிப் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இசைவாணையின் நகல், அபாயக் கழிவு அங்கீகாரத்தின் நகல், கடந்த மூன்றாண்டு ஆய்வறிக்கைகள், கழிவு யாரிடம் கொடுக்கப்பட்டது என்ற ஆண்டுக் கணக்கு. வாரியமே நேரில் வந்து எடுத்த மாதிரிகள் எத்தனை, ஆலை தானே அனுப்பியவை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம்.

எதற்கும் அசையாவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தென் மண்டல அமர்வு சென்னையில். வக்கீல் இல்லாமல் நீங்களே போய் வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்பதைப் பலர் தெரியாமல் தவறவிடுகிறார்கள்.

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

குப்பையில் வேண்டாம். பாதரசப் பொருள்களைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018இல் அதில் சேர்ந்தது. கடைகளில் டிஜிட்டல் வந்துவிட்டாலும் நிறைய வீட்டு அலமாரிகளில் பழசு இன்னும் கிடக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்றே பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. குப்பை வண்டியில் கேட்டால் முழிப்பார்கள், அதனால் நகராட்சி சுகாதார ஆய்வாளரைப் பிடித்துக் கேளுங்கள்.

உடைந்துவிட்டால்: குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள், தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொண்டால் வெள்ளையாகிவிடும். துடைப்பம் போட்டால் இன்னும் பொடிப்பொடியாகச் சிதறும், வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து, அந்த அட்டையால் உருண்டைகளை மெதுவாக ஒன்று சேருங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால், கட்டில் காலடியில் ஒளிந்திருக்கும் துளிகூட மின்னிக் காட்டிக்கொடுக்கும். நுண்ணிய துளிகளை செலோடேப்பில் ஒற்றி எடுக்கலாம். எல்லாவற்றையும், அந்த டேப்பையும் அட்டையையும் சேர்த்து, மூடி இறுக்கமான ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே "பாதரசம்" என்று எழுதி ஒட்டுங்கள். சிங்கில் ஊற்ற வேண்டாம்.